தென் பிரான்ஸில் ஒரே ஒரு சிறிய ஊரைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் எந்த ஊருக்குப் போகலாம்?

கேட்டவர் தெற்கே ஒரே ஒரு நாள்தான் இருக்கப் போவதாகவும், நீஸ், மார்செய் மாதிரி பெரிய நகரம் வேண்டாம், பழைய கதை உள்ள சின்ன ஊர் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்.

என் பதில்: ஏக்-மோர்த். நான் பக்கத்து நகரமான மொன்பெல்லியேவில் குடியிருக்கிறேன். வீட்டுக்கு யார் விருந்தாளியாக வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். எத்தனை முறை போனேன் என்று எண்ணி வைக்கவில்லை, இன்னும் அலுக்கவில்லை.

‘செத்த தண்ணீர்’ என்பதுதான் ஊர்ப் பெயருக்குப் பொருள். ஓடாமல் தேங்கிக் கிடக்கும் நீரைச் சொல்கிறார்கள். ரோன் ஆற்றின் கழிமுகத்துக்கு மேற்கே காயலும் சதுப்பும் மணலுமாகக் கிடக்கும் நிலம் அது. அதன் நடுவே நாலு பக்கமும் மதில் சூழ ஒரு ஊர் நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தரையில் யாரோ ஒரு கல்பெட்டியை வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

இப்படி ஒரு இடத்தில் ஊர் கட்டியது ஏன்? 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசனுக்கு மத்தியதரைக் கடலில் சொந்தத் துறைமுகம் கிடையாது. மார்செய் புரோவான்ஸ் பிரபுவின் கையில் இருந்தது, மொன்பெல்லியே ஸ்பெயின் பக்கத்து அரகோன் அரசனுடையது. சிலுவைப் போருக்குக் கப்பலேற வேண்டும் என்று நின்ற ஒன்பதாம் லூயிக்குக் கிடைத்தது இந்தச் சதுப்புதான். பக்கத்து மடத்துத் துறவிகளிடமிருந்து 1240 வாக்கில் நிலத்தை வாங்கினார். கொசுவுக்கும் உப்புக்காற்றுக்கும் நடுவே எவன் குடிவருவான்? அதனால் 1246-ல் குடியேறுகிறவர்களுக்கு வரிச்சலுகை அறிவித்தார். 1248 ஆகஸ்டில் இங்கிருந்துதான் ஏழாவது சிலுவைப் போருக்குக் கிளம்பினார். 1270-ல் மறுபடியும் இங்கிருந்தே கப்பலேறி, துனிஸில் நோயில் இறந்தார்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே திருத்திவிடுகிறேன். ‘அந்தக் காலத்தில் கடல் மதில் வரைக்கும் வந்தது, பிறகு பின்வாங்கிவிட்டது’ என்று பலரும் சொல்வார்கள். அப்போதும் ஊர் காயலோரத்தில்தான் இருந்தது. கப்பல்கள் கால்வாய் வழியாகத்தான் கடலுக்குப் போயின. அந்தக் கால்வாய்கள் தூர்ந்துபோனதுதான் துறைமுகத்தைக் கொன்றது. 1481-ல் புரோவான்ஸோடு மார்செய் பிரெஞ்சு அரசின் கைக்கு வந்ததும், இந்த ஊரின் தேவையே போய்விட்டது.

மதிலை லூயி கட்டவில்லை, அவர் மகன் மூன்றாம் பிலிப் 1272-ல் தொடங்கினார். சுற்றளவு 1.6 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முழு வட்டமும் மேலே நடந்தே வரலாம். இவ்வளவு முழுசாக அது நிற்பதற்கு ஊர் ஏழையாகிப் போனதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வளர்ந்திருந்தால் இடம் போதாமல் இடித்திருப்பார்கள்.

மதிலுக்கு வெளியே, வடமேற்கு மூலையில் தனியாக நிற்கிறது கோன்ஸ்தான்ஸ் கோபுரம். லூயி கட்டியது அதுதான். சுவரின் பருமன் 6 மீட்டர். 1685-ல் புராட்டஸ்டண்ட் வழிபாட்டைத் தடை செய்த பிறகு, கத்தோலிக்கத்துக்கு மாற மறுத்தவர்களைக் கொண்டுவந்து இங்கே அடைத்தார்கள். ஆண்களில் சிலர் 1705-ல் கயிறு கட்டி இறங்கித் தப்பினார்கள். பிறகு இது பெண்கள் சிறையாகவே ஆயிற்று.

அந்தப் பெண்களில் ஒருவர் மரி துரான். 1730-ல் உள்ளே வந்தபோது வயது 19. அண்ணன் புராட்டஸ்டண்ட் போதகர். அவரை 1732-ல் மொன்பெல்லியேவில் தூக்கிலிட்டார்கள். ‘என் மதத்தை விடுகிறேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் மரி வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவில்லை. 38 வருடம். கூட இருந்த பெண்களுக்காகக் கம்பளியும் பணமும் கேட்டு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. 1768-ல் வெளியே வந்தார், எட்டு வருடத்தில் இறந்துபோனார்.

மேல்தளத்து வட்ட அறையின் தரை நடுவே ஒரு துளை, அதைச் சுற்றிக் கல் விளிம்பு. குனிந்து பார்த்தால் அதில் கோணல்மாணலாக ஒரு சொல் தெரியும்: ‘ரெஜிஸ்தே’. ‘எதிர்த்து நில்’ என்பதை அவர்கள் ஊர்ப் பேச்சில் உச்சரித்த மாதிரியே எழுதியிருக்கிறார்கள். மரி துரான்தான் கீறினார் என்பார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. யார் கீறியிருந்தாலும் சரி, அந்த எழுத்தின் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது.

கோபுரத்து உச்சிக்குப் போனால் தெற்கே உப்பளம். ஊரைச் சோறு போட்டு வளர்த்தது இந்த உப்புதான். கோடை முழுக்கப் பாத்தியில் தண்ணீர் வற்றி, கோடைக் கடைசியில் உப்பு வாருவார்கள். உப்பு ஏற ஏற நுண்பாசியால் தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிடும். அந்தப் பாசியைத் தின்னும் சின்ன இறால், அதைத் தின்னும் பூநாரை எல்லாமே அதே நிறம். மதிலில் ஒரு கோபுரத்துக்கு ‘பர்கண்டிக்காரர் கோபுரம்’ என்று பெயர். 1421-ல் சண்டையில் செத்த பர்கண்டிப் படையாட்களின் பிணங்கள் நாறாமல் இருக்க உப்பைக் கொட்டி அங்கே அடுக்கினார்களாம். ஊர்க்கதை.

உப்பின் இன்னொரு கதைக்கு ஆதாரம் நிறையவே இருக்கிறது. 1893 ஆகஸ்டில் உப்பு வாரும் வேலைக்குப் பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் வந்திருந்தார்கள். கூலி, வாரும் உப்பின் அளவுக்கு. கலந்து போட்ட குழுக்களில் வேகம் போதாது என்று 16ஆம் தேதி கைகலப்பு. ‘இத்தாலியர்கள் நம் ஆட்களைக் கொன்றுவிட்டார்கள்’ என்ற வதந்தி ஊருக்குள் பரவியது. கூட்டம் கம்பும் கல்லுமாகக் கிளம்பியது. சில இத்தாலியர்கள் ஒரு ரொட்டிக் கடைக்குள் ஓடி ஒளிந்தார்கள். மறுநாள் மற்றவர்களைப் போலீஸ் காவலோடு ரயில் நிலையத்துக்கு நடத்திக்கொண்டு வரும்போது வழியிலேயே அடித்துக் கொன்றார்கள். குறைந்தது 8 பேர் செத்தார்கள். வழக்கு அங்குலேமில் நடந்தது, ஜூரி எல்லோரையும் விடுதலை செய்தது.

மரி துரானை நெஞ்சில் வைத்துக் கொண்டாடுகிற ஊர் இந்த இத்தாலியர்களைப் பற்றி வெகு காலம் வாய் திறக்கவில்லை. 125 வருடம் கழித்து, 2018-ல்தான் நடுச்சதுக்கத்தில் ஒரு நினைவுப் பலகை வந்தது. அதே சதுக்கத்தில் லூயியின் சிலை 1849-லிருந்து நிற்கிறது. எல்லோரும் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நீங்கள் பலகையையும் தேடிப் பாருங்கள்.

அப்புறம், ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஃபுகாஸ் வாங்கிச் சாப்பிடுங்கள். மற்ற ஊர்களில் பெரும்பாலும் இது உப்பு ரொட்டி, இங்கே ஆரஞ்சுப்பூ நீரும் சர்க்கரையும் சேர்த்த மெத்தென்ற இனிப்பு. கடை வாசலுக்கு வரும்போதே பூவாசம் அடிக்கும். விரலெல்லாம் சர்க்கரை ஒட்டும், பரவாயில்லை. அக்டோபரில் வந்தால் தெற்கு மதிலடியில் குடும்பம் குடும்பமாக மரப்பலகையால் பரண் அடித்து உட்கார்ந்து, கமார்க் என்ற இந்தச் சதுப்புப் பகுதியின் காளை விளையாட்டைப் பார்ப்பதையும் காணலாம்.

காரில் வருகிறவர்கள் அதிகம். ஆனால் நீம் நகரத்திலிருந்து ரயில் இருக்கிறது, அதில் வரச் சொல்வேன். 1893-ல் அந்த இத்தாலியர்களை நிலையத்துக்கு நடத்திக்கொண்டு வந்தது இந்தப் பாதை ரயிலில் ஏற்றி அனுப்பத்தான்.