சாப்டரில் இரண்டு அணி, கூட்டத்தில் பாதிப் பேர்: புதுத் தலைவி என்ன செய்யலாம்?

கேள்வி: டெக்சாஸில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் தெற்காசிய சொராரிட்டி சாப்டரின் அடுத்த தலைவியாக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மொத்தம் 18 பேர். வாரக் கூட்டத்துக்கு எட்டுப் பேர் வந்தாலே பெரிது. வெவ்வேறு செமஸ்டரில் சேர்ந்த இரண்டு லைன்கள் தனித்தனி அணியாக இருக்கின்றன. குரூப்மீ செயலியில் அரட்டைக் குழுகூட இரண்டு. போன முறை புதிதாகச் சேர்ந்தது மூன்றே பேர். பீட்சா நைட், மூவி நைட் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டோம். படிப்பு முடித்துப் போன அக்காக்கள், "எங்கள் காலத்தில் ப்ராசஸ் கடுமையாக இருந்தது, அதனால்தான் ஒற்றுமை இருந்தது" என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா? நான் எங்கே ஆரம்பிப்பது?

பதில்: மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துப் பெயர் வைத்துக்கொண்ட மாணவர் அமைப்பு ஃபிராடர்னிட்டி; மாணவிகளுடையது சொராரிட்டி. 1994ல் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் தொடங்கிய ஐயோட்டா நூ டெல்டா போன்றவை தெற்காசிய மாணவர்கள் தங்களுக்கென அமைத்துக்கொண்டவை. ஒரு கல்லூரியில் உள்ள கிளை சாப்டர். ஒரே செமஸ்டரில் சேர்ந்தவர்கள் ஒரு லைன். புதியவர்கள் கடக்க வேண்டிய சில வாரக் காலம்தான் ப்ராசஸ்.

முதலில் அக்காக்கள் விஷயம். அவர்கள் கதை விடவில்லை. 1959ல் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் கல்லூரி மாணவிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர, சிலர் கூச்சப்பட வைக்கும் சொற்களை உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு அது லேசாகவோ இல்லாமலோ முடிந்தது. பிறகு எல்லாருக்கும் அந்தக் குழுவின் பேச்சு என்று ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார்கள். வேண்டுமென்றே சலிப்பாகத் தயாரித்த பதிவு அது. அதிகம் கூச்சப்பட்டு உள்ளே வந்தவர்கள்தான் அதை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். பட்ட கஷ்டத்துக்கு ஒரு மதிப்பு வேண்டும் என்று மனசு கணக்குப் போடுகிறது.

சரி, ஆனால் அங்கே உயர்ந்தது குழுவைப் பற்றிய மதிப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டத்துக்கு எழுந்து வரும் மனசு அதனால் வரும் என்று அந்தச் சோதனை சொல்லவில்லை. அதைவிட நல்ல சாட்சி உங்கள் சாப்டரே. இரண்டு லைன்களும் ப்ராசஸ் கடந்து வந்தவைதானே? ஒவ்வொரு லைனுக்குள்ளும் ஒற்றுமைக்குக் குறைவே இல்லை. அது லைனோடு நின்றுவிட்டது. ப்ராசஸை இன்னும் கடுமையாக்கினால் அடுத்த ஆண்டு மூன்றாவதாக ஓர் அணி கிடைக்கும், அவ்வளவுதான்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், கையெழுத்துப் போடப்போவது நீங்கள். டெக்சாஸ் சட்டப்படி, சேர வந்தவர் சம்மதித்தார் என்பது ஹேசிங் (புதியவர்களைத் துன்புறுத்துவது, நம் ஊர் ராகிங் மாதிரி) குற்றச்சாட்டுக்குத் தற்காப்பு ஆகாது. நேரடியாகத் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் குற்றம். 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டம், ஹேசிங் விவரங்களைக் கல்லூரிகள் பொதுவில் வெளியிட வேண்டும் என்கிறது. நம்மைப் போன்ற சின்ன, பண்பாட்டு அமைப்புகளில் அப்படியெல்லாம் நடக்காது என்று யாராவது சொன்னால் 2013ஐ நினைவுபடுத்துங்கள். ஓர் ஆசிய அமெரிக்க ஃபிராடர்னிட்டியில் சேர வந்த நியூயார்க் முதலாண்டு மாணவர் ஒருவரின் கண்ணைக் கட்டி, கனமான பையைச் சுமக்க வைத்து, திரும்பத் திரும்ப இடித்துத் தள்ளினார்கள். அவர் இறந்துபோனார். சம்பவம் நடந்த பென்சில்வேனியாவில் அந்த அமைப்பு 10 ஆண்டுகள் இயங்கவே நீதிமன்றம் தடை போட்டது.

இப்போது பீட்சா நைட்டுக்கு வருவோம். 1954ல் முசஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார்கள். சீக்கிரமே அணிகள் எதிரிகளாகிவிட்டன. சமாதானத்துக்காக இரண்டு அணியையும் சேர்த்துச் சாப்பிட வைத்தார்கள், படம் காட்டினார்கள். சாப்பாட்டை ஒருவர் மீது ஒருவர் வீசிக்கொண்டதுதான் மிச்சம். அப்புறம் முகாமுக்குத் தண்ணீர் வராமல் செய்தார்கள். கோளாறு எங்கே என்று எல்லாரும் சேர்ந்துதான் தேட வேண்டியிருந்தது. கிளம்பாத லாரியைக் கயிறு கட்டி எல்லாரும் சேர்ந்துதான் இழுக்க வேண்டியிருந்தது. இப்படிச் சில வேலைகளுக்குப் பிறகு பகை தணிந்தது. ஆய்வாளர்களே சண்டையை மூட்டிவிட்டார்கள் என்ற விமர்சனம் பின்னால் வந்தது, நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் ஒரே அறையில் உட்கார வைப்பதற்கும், ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்கு வேலை ஓடாது என்ற நிலைக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆகவே, ஒரு லைன் மட்டும் செய்து முடிக்க முடியாத அளவுக்குப் பெரிய வேலை ஒன்றை எடுங்கள். என் பரிந்துரை எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் பதிவு முகாம். என்எம்டிபி என்ற அமெரிக்கப் பதிவேட்டின் கணக்குப்படி, ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கு முழுப் பொருத்தமான கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையர்களுக்குச் சுமார் 79 சதவீதம். ஆசியர்களுக்கு 47 சதவீதம்தான். பொருத்தம் பெரும்பாலும் ஒரே வம்சாவளிக்குள் அமைவதால் தெற்காசிய மாணவர்கள் பதிவு செய்வது உண்மையிலேயே தேவைப்படுகிறது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுத்தால் பதிவு முடிந்தது. உங்கள் தலைமையகம் வேறொரு சேவையை அதிகாரபூர்வமாக வைத்திருந்தால் அனுமதியை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மேஜைக்கு இடம் பதிவு செய்வது, ஷிப்ட் போடுவது, தயங்குபவர்களுக்கு விளக்குவது என்று 18 பேருக்கும் கை நிறைய வேலை இருக்கும். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு லைனிலிருந்து ஒருவர், மற்றதிலிருந்து ஒருவர். பட்டியலை நீங்களே போடுங்கள், விருப்பம் கேட்டால் பழைய ஜோடிகளே வந்து நிற்கும். "இது ஒற்றுமைக்காக" என்று மட்டும் வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். இரண்டு குரூப்மீ குழுக்களையும் கலைக்க வேண்டாம். வேலைக்கென்று மூன்றாவது ஒன்று தொடங்கினால் போதும்.

கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அபராதம் போடும் பழக்கம் பல சாப்டர்களில் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆள் வருவாள், காது போனில் இருக்கும். வராத பத்துப் பேரிடமும் தனித்தனியாக, காபி குடித்துக்கொண்டே, ஏன் என்று கேளுங்கள். ஒருத்திக்கு அந்த நேரத்தில் வேலை ஷிப்ட் இருக்கலாம், இன்னொருத்தி எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கலாம், வேறொருத்திக்கு ட்யூஸ், அதாவது உறுப்பினர் கட்டணம், கட்டப் பணம் இல்லாமல் முகம் காட்டக் கூச்சமாக இருக்கலாம். தவணை வசதி கொடுங்கள். அறிவிப்புகளைக் குழுவில் போட்டுவிட்டு, கூட்டத்தை முடிவெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 40 நிமிடம் தாராளம். அணிச்சண்டைக்கு அடியில் பெரும்பாலும் பணமும் பதவியும்தான் இருக்கும் என்பதால், வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள்.

புதியவர்களைச் சேர்ப்பதில் பெரிய சொராரிட்டிகளைப் பார்த்து நகல் எடுக்காதீர்கள். அவர்களுக்கு வார முழுக்க நடக்கும் ரெக்ரூட்மென்ட், நூற்றுக்கணக்கில் வரும் மாணவிகள் எல்லாம் உண்டு. உங்களுக்கு முகப்பழக்கம்தான் முதல். ஒவ்வொருவரும் லேபில், டார்மில், நடனக் குழுவில் ஏற்கெனவே தெரிந்த மூன்று பேரை முகாமுக்குக் கூட்டி வரட்டும். வந்தவர்கள் சாப்டரை வேலையில் பார்ப்பார்கள். பிடித்தவர்களை அப்புறம் அறிமுகக் கூட்டத்துக்கு அழையுங்கள். செமஸ்டருக்கு எவ்வளவு பணம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

பெற்றோரை மறக்காதீர்கள். 1996ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டதும், அதையடுத்து 1997ல் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் படித்த அப்பா அம்மாக்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ப்ராசஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் கேட்கப்போவது ஒரே கேள்வி. ப்ராசஸின் முழு அட்டவணையையும் தேதி, நேரத்தோடு எழுதி, சேருபவருக்கு ஒரு பிரதியும் இந்த அமைப்புகளைக் கவனிக்கும் கல்லூரியின் கிரீக் லைஃப் அலுவலகத்துக்கு ஒரு பிரதியும் கொடுங்கள். அம்மாவிடம் காட்ட முடியாத எதுவும் அதில் இருந்தால் அடித்துவிடுங்கள். பிக்–லிட்டில் (வழிகாட்டும் மூத்தவர், புதியவர்) ஜோடி போடும்போது இரண்டு லைன்களிலிருந்தும் மாறி மாறி பிக் கொடுத்தால், புதியவர்கள் வழியாகவே இரண்டு பக்கமும் பேச ஆரம்பிக்கும்.

அக்காக்களைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். ப்ராசஸில் அவர்களுக்கு இடமில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ரெஸ்யூமே பார்ப்பது, மாதிரி நேர்காணல் எடுப்பது போன்ற வேலைகளைக் கொடுங்கள். வேலைக்குப் போனவர்களுக்கு அதுதான் கைவந்த கலை.

அடுத்த செமஸ்டருக்கு ஐந்து பேர் சேர்ந்தால் நல்ல அறுவடை. இவ்வளவுக்கும் பிறகு இரண்டு மூன்று பேர் வராமலே இருந்தால் துரத்தாதீர்கள். விலகியிருக்கும் உறுப்பினர் நிலைக்கு உங்கள் தலைமையகத்தில் என்ன விதி என்று கேட்டு, அந்த வழியை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.