அப்பா பக்கத்துப் புற்றுநோய் எனக்கும் வருமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து 31 வயது வாசகி கேட்கிறார்: "அப்பாவின் தங்கைக்கு 39 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சையில் சுகமாகி இருக்கிறார். அப்பம்மா சூலகப் புற்றுநோயால் இறந்தவர். அம்மா பக்கத்தில் ஒருவருக்கும் இல்லை. 'நீ தாய்க் குடி, உனக்கு ஏன் பயம்?' என்கிறார்கள். சரியா?"

சரியில்லை. குடி (குலம்) தாய்வழியே வரும். மரபணு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரும். பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்பவை உடைந்த டி.என்.ஏ.யைத் திருத்தும் மரபணுக்கள். இவற்றில் பிழை இருந்தால் மார்பக, சூலகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். ஒன்று 17ஆம் நிறமூர்த்தத்திலும் மற்றது 13ஆவதிலும் இருப்பதால் (இவை பால் நிறமூர்த்தங்கள் அல்ல) ஆணும் பெண்ணும் சமமாகவே சுமப்பார்கள். ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் அரிது. ஆகவே அப்பா சுகமாக இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மாமியின் பிழை அப்பம்மாவிடமிருந்து வந்திருந்தால் அப்பாவுக்கு 50%, உங்களுக்கு 25% வாய்ப்பு.

ஆனால் மரபணுச் சோதனைக்கு முதலில் நீங்கள் இரத்தம் கொடுக்காதீர்கள். மாமி கொடுக்கட்டும். அவரிடம் பிழை எந்த இடத்தில் என்று தெரிந்தால், உங்களிடம் அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும்; 'இல்லை' என்று வந்தால் அது நம்பக்கூடிய 'இல்லை'. மாமியைச் சோதிக்காமல் உங்களுக்கு 'இல்லை' என்று வந்தால், குடும்பத்துப் பிழை உங்களுக்கு வரவில்லையா, அந்தச் சோதனையில் அகப்படவில்லையா என்று பிரித்தறிய வழியில்லை. 'பொருள் தெளிவற்ற மாற்றம்' என்று ரிப்போர்ட் வந்தால் அதை வைத்து சத்திரசிகிச்சை முடிவு எடுக்கக்கூடாது. சி.ஏ. 15-3 இரத்தச் சோதனையை மரபணுச் சோதனை என்று நினைத்து ஏமாறுபவர்களும் உண்டு. அது இரத்தத்தில் ஒரு புரதத்தின் அளவைப் பார்ப்பது, வேறு.

சோதனை பற்றிக் கேட்கப் போகும்போது மூன்று தலைமுறையை எழுதிக்கொண்டு போங்கள்: யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில் கண்டுபிடித்தது. இறந்த வயது உதவாது. 'வயிற்றுக் கட்டி' என்று வீட்டில் சொல்வது சூலகமாகவும் இருக்கலாம், ஆகவே பழைய டயக்னோசிஸ் கார்ட், பயொப்சி ரிப்போர்ட்டைத் தேடுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைப் புற்றுநோய்ப் பிரிவில் மாமியின் கிளினிக் கொப்பியுடன் கேளுங்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவும் இருக்கிறது.

பிழை இருந்தால் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 70%. சூலகத்துக்கு பி.ஆர்.சி.ஏ. 1இல் 44%, பி.ஆர்.சி.ஏ. 2இல் 17%. மார்பகத்தை 25 வயதிலிருந்து வருடாந்த எம்.ஆர்.ஐ.யாலும், 30இலிருந்து மமோகிராமும் சேர்த்தும் கண்காணிக்கலாம். சூலகத்துக்கு நம்பகமான முன்சோதனை இல்லை. அதனால்தான் பிள்ளை பெற்று முடித்தபின், பி.ஆர்.சி.ஏ. 1க்கு 35–40 வயதிலும் 2க்கு 40–45இலும் சூலகங்களையும் பலோப்பியன் குழாய்களையும் அகற்றச் சொல்கிறோம்.

மாமியின் மகனை, மச்சானை உங்களுக்குப் பேசுகிறார்களென்றால் சோதனை முடிவு வரும்வரை பொறுங்கள். இருவரும் ஒரே பி.ஆர்.சி.ஏ. 2 பிழையைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பில் இரண்டு பிரதியும் பழுதாகும். அது பான்கோனி இரத்தச்சோகை என்ற கடும் நோய்.

மார்பில் கட்டி தட்டுப்பட்டால் மட்டும் எந்த மரபணு ரிப்போர்ட்டுக்கும் காத்திராமல் அந்த வாரமே சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போங்கள்.