வேலை நுங்கம்பாக்கத்தில், வீடு கூடுவாஞ்சேரியில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எஸ்.எஸ்.சி. (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வில் தேறி, வருமான வரித் துறையில் டேக்ஸ் அசிஸ்டென்ட்டாக நுங்கம்பாக்கத்தில் சேரப் போகிறேன். சம்பள அட்டவணையில் லெவல் 4, அடிப்படைச் சம்பளம் ரூ.25,500. நகருக்குள் வாடகை கட்டுப்படியாகாது. கூடுவாஞ்சேரிப் பக்கம் தங்கினால் வீட்டு வாடகைப்படி குறைந்துவிடுமா? எப்படி இடம் பார்ப்பது? – வாசகர், தென்காசி.

பதில்: குறையாது. மத்திய அரசு ஊழியருக்கு வாடகைப்படி, வேலை பார்க்கும் ஊரைப் பொறுத்தது. குடியிருக்கும் ஊரைப் பொறுத்ததல்ல. சென்னை 'எக்ஸ்' பிரிவு நகரம், அதாவது வாடகைப்படி அதிகமாகக் கிடைக்கும் பெருநகரம். 2024 ஜனவரியிலிருந்து அங்கே 30 சதவீதம். உங்கள் அடிப்படைச் சம்பளத்துக்கு மாதம் ரூ.7,650 வரும். போக்குவரத்துப்படி ரூ.3,600, அதற்கு அகவிலைப்படி தனி. முதல் நியமனம் என்பதால் இடமாற்ற மானியம் கிடையாது. சாமான் ஏற்றிவரும் செலவு உங்களுடையது. முதல் சம்பளம் கைக்கு வர இரண்டாம் மாதக் கடைசி வரைகூட இழுக்கலாம். அட்வான்ஸ் போக இரண்டு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இடம் பார்ப்பதில் பலரும் சறுக்குவது ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போவதால்தான். அன்றைக்கு ரயில்கள் குறைவு, கூட்டமும் வேறு மாதிரி. திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, பார்த்த வீட்டு வாசலிலிருந்து நடந்து கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்குப் போய், ரயிலேறி நுங்கம்பாக்கத்தில் இறங்கி, அலுவலக வாசல் வரை மணி பாருங்கள். ரயில் பயணம் மட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே வாடகை ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு குறைவாக இருக்கும். ஷேர் ஆட்டோவுக்கு ஒரு தடவைக்கு இருபது ரூபாய் என்றாலும், போக வர மாதம் 22 வேலை நாளைக்கு ரூ.880 போய்விடும். ஆகவே நடக்கிற தூரத்தில் சின்ன வீடாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வரும் ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். இரவு கூடுவாஞ்சேரி வழியாகப் போகும் செங்கல்பட்டு வண்டியைத் தவறவிட்டால் தாம்பரத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் பஸ் பிடிக்க வேண்டியதுதான். அடிக்கடி நேரங்கழித்துக் கிளம்ப வேண்டிய பிரிவு என்றால் தாம்பரமே மேல். அங்கே கிளம்பும் வண்டிகளில் காலையில் உட்காரவும் இடம் கிடைக்கும். ஆனால் அந்தப் பக்கம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் 2015 வெள்ளத்தில் மூழ்கியவை. வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட, தெருமுனைக் கடைக்காரரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, அதை விட்டாலும் அடுத்த வண்டியில் நேரத்துக்குப் போய்ச் சேர முடியுமா என்று பாருங்கள். மாதத்தில் இரண்டு முறை, ஒரு மணி நேரம் வரையிலான தாமதத்தை மேலதிகாரி மன்னிக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு தாமதத்துக்கும் அரை நாள் தற்செயல் விடுப்பு போகும். ஆண்டுக்கு இருப்பதே எட்டு நாள்.

சீசன் டிக்கெட்டை ரயில்வே செயலியில் எடுத்தால் மறுநாளிலிருந்துதான் செல்லும். சேரும் நாளுக்கு முந்தின நாளே எடுத்துவிடுங்கள். அடையாள அட்டையும் கூட இருக்க வேண்டும். மூன்று மாத சீசனுக்கு மாதக் கட்டணத்தைப்போல 2.7 மடங்குதான். இருந்தாலும் முதல் தடவை ஒரு மாதத்துக்கே எடுங்கள். வேறு கட்டடத்துக்கு மாற்றிப் போட்டால் மீதி வீண்.

கேள்வி: செங்கல்பட்டில் ரூ.9,000 வாடகை கொடுக்கிறேன், வேலை சென்னையில். வரிவிலக்கு சென்னைக் கணக்கா, செங்கல்பட்டுக் கணக்கா?

பதில்: இங்கே கணக்கு திரும்பிக்கொள்ளும். வாடகைப்படிக்கு வேலை பார்க்கும் ஊர். வரிவிலக்குக்கு வீடு இருக்கும் ஊர். சென்னை என்றால் சம்பளத்தில் 50 சதவீதம், செங்கல்பட்டு என்றால் 40 சதவீதம் உச்சவரம்பு. ஆனால் அந்த வரம்பு உங்களைத் தொடவே தொடாது. உங்களுக்கும் மேலே சொன்ன லெவல் 4 சம்பளம்தான், அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து ரூ.40,000 என்று வையுங்கள். 40 சதவீதம் ரூ.16,000; வாங்கும் வாடகைப்படி ரூ.7,650, வாடகையில் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் ரூ.5,000. மூன்றில் குறைந்ததுதான் விலக்கு, அதாவது ரூ.5,000. இதுவும் பழைய வரி முறையில் மட்டும். 2025–26 முதல் புதிய முறையில் ரூ.12 லட்சம் வரை வரியே இல்லை என்பதால், இந்தச் சம்பளத்துக்கு வாடகை ரசீதைத் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். சட்டப்படி சரியா?

பதில்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் வரம்பு. ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் கூடுதலாகவும் வாங்கலாம் என்று அதே பிரிவு இடம் கொடுக்கிறது. அதனால் கையெழுத்துப் போடும் முன்பே பேசி முடியுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு எண் வாங்குங்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, யூனிட்டுக்கு இத்தனை ரூபாயா என்பதும் அதில் இருக்கட்டும்.