ரெடிங்கிற்கு மாறும் முன்: கையெழுத்திடுவதற்கு முன்னரே தீர்த்துக்கொள்ள வேண்டியவை

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் கணவர், நான், நான்காம் வகுப்பில் படிக்கும் மகள் மூவருமே அமெரிக்கக் குடிமக்கள். என் நிறுவனம் என்னை மூன்று ஆண்டுகளுக்கு இங்கிலாந்தின் ரெடிங் அலுவலகத்துக்கு மாற்ற முன்வந்துள்ளது. ஆங்கிலம் பேசும் நாடுதானே, பெரிய சிரமம் இராது என்கிறார்கள். நாங்கள் எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: ஆங்கிலம் தெரியும் என்ற துணிவிலேயே அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் பலவற்றை விசாரிக்காமல் விட்டுவிடுவதை இந்த ஆலோசனைப் பணியில் தொடர்ந்து பார்த்துவருகிறேன். வந்து இறங்கிய பிறகு சமாளித்துக்கொள்ளக்கூடியவை நிறைய உண்டு. விசா, வரி, மகளின் பள்ளி ஆகிய மூன்றை மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த விசாவில் அனுப்புகிறார்கள் என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே நிறுவனத்துக்குள் மாறி வருபவர்களுக்கென்று குளோபல் பிசினஸ் மொபிலிட்டி என்ற விசா இருக்கிறது. அதில் கழியும் ஆண்டுகள் நிரந்தர வசிப்புரிமைக்குக் கணக்கில் வருவதில்லை, திறன் பணியாளர்களுக்கான ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் கழிபவை வரும். மூன்றே ஆண்டுகள் என்று வந்து, பிள்ளையின் படிப்பை முன்னிட்டுத் தங்கிவிடும் குடும்பங்கள் இருப்பதால் இந்த வேறுபாட்டை அலட்சியப்படுத்த வேண்டாம். இவ்விரண்டில் எந்த விசாவானாலும், அரசு மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணத்தை விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகச் செலுத்த வேண்டும். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 776 பவுண்டு என்ற கணக்கில் உங்கள் மூவருக்கும் மூன்று ஆண்டுகளுக்கு 8,538 பவுண்டு ஆகிறது. நிறுவனம் உங்கள் ஒருவருக்கு மட்டும் கொடுக்கிறதா, குடும்பத்துக்கும் சேர்த்தா என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

அடுத்தது வரி. அமெரிக்கா, தன் குடிமக்கள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அவர்களிடம் ஆண்டுதோறும் வருமானக் கணக்கு கேட்கிற நாடு. பிரிட்டனில் சம்பளத்தைக் கொடுக்கும்போதே நிறுவனம் வரியைப் பிடித்துவிடும், ஆகவே எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்க வருமான வரிக் கணக்கான படிவம் 1040 அப்போதும் தாக்கல் செய்யப்பட வேண்டும். பிரிட்டனில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளப் படிவம் 1116 இருப்பதாலும், பிரிட்டிஷ் வரி பெரும்பாலும் அதிகமாக இருப்பதாலும், சம்பளத்துக்கு இரட்டை வரி கட்டும் நிலை பொதுவாக வராது. சிக்கல் சேமிப்பில்தான் இருக்கிறது. அலுவலக நண்பர்கள் நல்ல மனத்துடன் "ஐஸா கணக்கு தொடங்குங்கள், வரியே கிடையாது" என்பார்கள். ஐஸா என்ற அந்தப் பிரிட்டிஷ் சேமிப்புக் கணக்குக்கான விலக்கு பிரிட்டிஷ் வரிக்கு மட்டுமே; அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அதை ஏற்பதில்லை. ஐஸா கணக்குக்குள் ஒரு பிரிட்டிஷ் பரஸ்பர நிதியை வாங்கிவிட்டால், அயல்நாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்கான கடுமையான அமெரிக்க விதிகளும் படிவம் 8621-ம் வந்து சேரும். சிறிய முதலீட்டுக்குக் கணக்காளர் கூலியே ஈட்டியதைத் தின்றுவிடும். உங்கள் வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையை அமெரிக்க அரசுக்குக் கொடுக்க வேண்டும். கணவருடன் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கும் இதில் அடங்கும். இவற்றோடு, நீங்கள் அமெரிக்கச் சம்பளப் பட்டியலிலேயே தொடர்வீர்களா என்றும் கேளுங்கள். தொடர்ந்தால், இரு நாட்டுச் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி நிறுவனம் சான்றிதழ் பெற்று, ஐந்து ஆண்டுகள் வரை உங்களை அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பிலேயே வைத்திருக்க முடியும்.

மகளின் பள்ளி விஷயத்தில் உங்களுக்கு அவகாசம் குறைவு. அமெரிக்க வகுப்போடு ஒன்றைக் கூட்டினால் பொதுவாக இங்கிலாந்தின் வகுப்பு கிடைக்கும், ஆகவே அவள் இங்கே ஐந்தாம் ஆண்டு மாணவி. இங்கிலாந்தில் ஏழாம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளி தொடங்குகிறது. அதற்கான விண்ணப்பத்தை ஆறாம் ஆண்டின் அக்டோபர் 31-க்குள் கொடுத்துவிட வேண்டும். ரெடிங்கில் பெண்களுக்கான கெண்ட்ரிக் பள்ளி போன்று நுழைவுத் தேர்வு வைக்கும் அரசுப் பள்ளிகளுக்கு, ஆறாம் ஆண்டின் தொடக்கத்திலேயே தேர்வு நடந்துவிடும். அதற்கான பதிவு அதற்கும் முன்னரே முடிந்துவிடும். கோடை விடுமுறை முடிந்து சாவகாசமாக வரலாம் என்ற எண்ணம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டு முகவரியைப் பொறுத்தே பல பள்ளிகளில் இடம் கிடைப்பதால், வீடு பார்க்கும் முன் பள்ளியைப் பாருங்கள். வாடகைக்கு மேல், உள்ளாட்சிக்குச் செலுத்தும் கவுன்சில் வரியையும் குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அமெரிக்க ஓட்டுநர் உரிமத்தை வைத்து முதல் 12 மாதங்கள் மட்டுமே கார் ஓட்டலாம். அதை நேரடியாக மாற்றித் தரமாட்டார்கள். இருபது ஆண்டுகள் ஓட்டியவரும் எழுத்துத் தேர்விலும் சாலைத் தேர்விலும் தேறித்தான் ஆக வேண்டும். தேர்வுத் தேதி கிடைப்பதற்குக் காத்திருக்க நேரிடும் என்பதால், வந்த மாதமே பயிற்சி உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். சிவப்பு விளக்கில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பும் அமெரிக்கப் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்; இங்கே அது குற்றம்.

அலுவலகத்தில் சொற்களின் எடை மாறும். உங்கள் அறிக்கையைப் படித்த மேலாளர் "க்வைட் குட்" என்றால் அமெரிக்கக் காது அதை மனமார்ந்த பாராட்டாக எடுத்துக்கொள்ளும். இங்கே பெரும்பாலும் "பரவாயில்லை" என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை, திருத்தங்களை எதிர்பார்க்கிறார் என்று கொள்ளுங்கள். "நாட் பேட்" என்பதோ நல்ல பாராட்டாகவே இருக்கக்கூடும். கூட்டத்தில் ஒன்றை "டேபிள்" செய்வோம் என்றால் அமெரிக்காவில் தள்ளிவைப்பது, பிரிட்டனில் இப்போதே விவாதத்துக்கு எடுப்பது. காலையில் "யூ ஆல்ரைட்?" என்பவருக்கு உங்கள் உடல்நிலையை விவரிக்க வேண்டியதில்லை, நம் ஊர் "சாப்பிட்டாச்சா" போன்ற விசாரிப்பு அது.

சாமான் கட்டும்போது மின்சாரத்தை மறந்துவிடாதீர்கள். பிரிட்டனில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் வாங்கிய 110 வோல்ட் கிரைண்டரையும் மிக்ஸியையும் அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள். கோயம்புத்தூரில் வாங்கிய கிரைண்டர் உறவினர் வீட்டில் இருந்தால் அதைக் கொண்டுவரலாம். மின்சாரம் ஒன்றேதான், உள்ளே ஃபியூஸ் உள்ள பிரிட்டிஷ் பிளக்கை மட்டும் மாற்றிப் பொருத்த வேண்டும்.