மடித்து வைத்த புடவை

அன்புள்ள ஐயா,

திருச்சியில் ஒரு கல்லூரியில் முதுகலை மாணவர்கள் 60 பேருக்கு உளவள ஆலோசனை கற்பிக்கிறேன். ஒரே செமஸ்டரில் எல்லாக் கோட்பாடுகளையும் பிபிடி போட்டு முடித்துவிடுகிறேன். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸில் தொடங்குவதா, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி சிகிச்சைமுறையில் தொடங்குவதா? ‘எம்பதி’க்குச் சரியான தமிழ்ச்சொல் எது? ஆறுதலாக நாலு வார்த்தை பேசப் பழகிவிட்டால் மாணவர்களுக்குப் போதும் என்பது என் எண்ணம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எதில் தொடங்கினாலும் குடி முழுகிவிடாது. எம்பதிக்கு ஒத்துணர்வு என்கிறார்கள், அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ‘நாலு வார்த்தை’யைப் படித்ததும் கோபம் வந்தது. அதைச் சொல்லத்தான் அத்தையும் சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் இருக்கிறார்களே! அதைக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் ஒருவர் உங்கள் மாணவரிடம் வருகிறார்.

சில வாரங்களாகப் பழைய கேசட் ஒன்று என் நினைவில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1994ல் ஒரு தொலைபேசி உதவி மையத்தில் தன்னார்வலர் பயிற்சிக்குப் போயிருந்தேன். இரண்டிரண்டு பேராக நடித்துப் பழக வேண்டும். என் எதிரே இருந்தவர் தாயை இழந்த பெண்ணாக நடித்தார். “அம்மா புடவைய இன்னும் துவைக்கல சார், மடிச்சு வெச்சிருக்கேன்” என்றார். “ராத்திரி தூக்கம் வருதாம்மா?” என்று கேட்டேன். நன்றாகச் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

பயிற்சியாளர் டேப்பை ஓடவிட்டார். ‘வெச்சிருக்கேன்’ என்றதும் அந்தப் பெண் மூச்சை இழுப்பது கேட்டது. ஏதோ சொல்ல வந்திருக்கிறார். என் கேள்வி அதன்மேல் போய் விழுந்தது. “ம்... வருது சார்.” புடவைப் பேச்சு அதோடு போயிற்று. மூன்று முறை ரீவைண்ட் செய்து கேட்கவைத்தார். காதெல்லாம் சுட்டது எனக்கு.

உங்கள் ரோஜர்ஸ் 1940களின் தொடக்கத்தில் ஒஹையோவில் ஆலோசனைச் சந்திப்புகளை கிராமபோன் தட்டுகளில் பதிவுசெய்து, பயிற்சிக்குப் பயன்படுத்தினார். 1942ல் வந்த அவர் நூலில் ஒரே நபருடனான எட்டுச் சந்திப்புகள் சொல்லுக்குச் சொல் அச்சாகியிருக்கின்றன. அந்த மனிதரைப் போய் பிபிடிக்குள் அடைத்துவிட்டீர்களே!

மாணவர்களை மும்மூன்று பேராகப் பிரியுங்கள். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனிக்கட்டும். பத்து நிமிடத்தைப் போனில் பதிந்து, கேட்டவரே அன்றிரவு தன் கையால் எழுதட்டும். ‘ம்’ கூட விடக்கூடாது, மௌனம் எத்தனை நொடி என்பதும் வேண்டும். தான் குறுக்கே விழுந்த இடத்தில் தானே சிவப்பு மையால் கோடு போடட்டும். வாரத்துக்கு ஒன்று போதும். நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நிஜமாக உதவி தேடி வருபவரின் பேச்சை அவர் சம்மதமில்லாமல் பதியவே கூடாது.

தன் குரலை முதன்முதலாகக் கேட்டு ஒரு பிள்ளை கலங்கினால் அதட்டாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். என் பயிற்சியாளர் அன்று அப்படித்தான் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக, “அந்தப் புடவை என்ன கலரா இருந்திருக்கும்?” என்று கேட்டார்.