பச்சை இலை படம் போட்டிருந்தால் நம்பி வாங்கலாமா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையில் பாத்திரம் கழுவும் திரவம் ஒன்று இருக்கிறது. புட்டி முழுக்க இலை, 'இயற்கையின் நண்பன்' என்ற வரி. எது நண்பன், திரவமா புட்டியா? ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. இப்படி எதையும் குறிப்பிட்டுச் சொல்லாத வாசகத்தைக் கண்டால் முதலில் சந்தேகப்படுங்கள்.

'மக்கும் பை' என்பதும் அப்படித்தான். ஒன்றை வேலியில் மாட்டி வைத்தேன். சில மாதங்களில் தொட்டாலே செதிலாக உதிர்ந்தது. அது மக்கவில்லை, பொடிப்பொடி பிளாஸ்டிக்காகிக் கோழி மேயும் மண்ணில் கிடக்கிறது.

நமக்கு நெருக்கமானது செம்பனை. ஆர்.எஸ்.பி.ஓ. என்பது சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் எடுத்த செம்பனை எண்ணெய்க்குச் சான்று தரும் உலக அமைப்பு. அதன் முத்திரையில் 'மிக்ஸ்ட்' (கலப்பு) என்று இருந்தால், சான்று பெற்ற எண்ணெயும் பெறாததும் ஒரே தொட்டியில் கலந்திருக்கலாம். கணக்கில் மட்டும் அளவு சரியாக இருக்கும். பொய்யில்லை, ஆனால் பலர் நினைப்பது அதுவல்ல. முத்திரையோடு உரிம எண்ணும் இருக்கும். அந்த அமைப்பின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். நம் நாட்டின் சொந்தச் செம்பனை எண்ணெய்ச் சான்றான எம்.எஸ்.பி.ஓ.வோ 2020 முதல் மலேசியாவில் கட்டாயம். அதைப் பெருமையாக விளம்பரம் செய்வது, லைசென்ஸ் எடுத்துத்தான் கார் ஓட்டுகிறேன் என்று மார்தட்டுவது மாதிரி.

சரி, ஏமாற்று என்று தெரிந்தால்? 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தைத் தடுக்கிறது. பொட்டலத்தைப் படம் எடுத்து, ரசீதோடு உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் கொடுங்கள். ரசீதை மட்டும் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.