அம்மாவோட ரயில்லயே கோயில் போகணுமா? சிதம்பரம் லைன் பாருங்க

அம்மாவுக்கு முட்டி வலி, கார்ல மடக்கி உக்கார முடியல, ரெண்டு நாள்ல ரயில்லயே கோயில் பாக்கணும்னு கேட்டிருந்தீங்க. எழும்பூர்லேர்ந்து சோழன் எக்ஸ்பிரஸ் புடிங்க, பகல் வண்டி, சிதம்பரத்துல எறங்கி ரூம் போட்டு அம்மாவ ரெஸ்ட் எடுக்க வச்சுட்டு சாயங்காலம் நடராஜர். அவசரமே வேணாம்.

மறுநாள் காலைல பாசஞ்சர்ல வைத்தீஸ்வரன்கோயில். நடுவுல கொள்ளிடம் பாலம் வரும், அம்மாவ ஜன்னலோரமா உக்கார வைங்க, எங்கம்மா அங்க கைய கூப்பினவங்க பாலம் முடியறவரைக்கும் எறக்கவே இல்ல, எனக்கு அதுவே பாதி தரிசனம். கோயில்ல சித்தாமிர்த குளத்துல வெல்லம் கரைக்கறது வழக்கம், படில மட்டும் கைய புடிச்சுக்கோங்க.

அங்கேர்ந்து மயிலாடுதுறை தாண்டி திருவிடைமருதூர், அங்கயும் ஸ்டேஷன் இருக்கு. மகாலிங்கசாமி கோயில்ல கிழக்கு வாசல்ல போனா மேற்கு வாசல் வழியாத்தான் வெளிய வருவாங்க, அதனால செருப்ப ஆட்டோலயே விட்டுட்டு, ஆட்டோவ மேற்கு வாசலுக்கே வரச்சொல்லிடுங்க. பிராகாரம் ரொம்ப பெருசு.

முக்கியமா, மதியம் 12 மணிக்கு மேல நடை சாத்திடுவாங்க, அந்த நேரத்த வண்டில போற மாதிரி வச்சுக்கோங்க. பாசஞ்சர் டைம் மாறும், மொத நாளே ஆப்ல பாத்துடுங்க. சோழன்ல அம்மா டிக்கெட்ட லோயர் பெர்த் கோட்டால போடுங்க.